மரப்பால் முதல் உயிரிநெகிழி வரை: பல் மருத்துவப் பொருள்களின் மூலமும் மீள்தன்மையும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பல் மருத்துவத்திலும் அன்றாடப் பற்பராமரிப்பிலும் பயன்படும் பெட்ரோலிய நெகிழிகளுக்கு மாற்றாக, மறுசுழற்சிக்குரிய உயிரிநெகிழிகளை உருவாக்கும் முயற்சிகள் அண்மைக்காலத்தில் பெருகியுள்ளன. இவை முற்றிலும் புதியன போலப் பேசப்படினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல் மருத்துவம் கையாண்ட நெகிழ்பொருள்கள் பெரும்பாலும் தாவர மூலத்தைக் கொண்டவையே. கட்டாபெர்ச்சா, வல்கனைட்டு, செல்லுலாய்டு, அகர், ஆல்ஜினேட் ஆகியவற்றின் வரலாற்றை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. ஒரு பொருளின் மூலம், அது பெறப்படும் முறை, பயன்பாட்டுக்குப் பின் அது மீளும் தன்மை ஆகிய மூன்றும் தனித்தனியே மதிப்பிடத்தக்கன. ஒன்றின் சிறப்பு மற்றொன்றின் குறையை ஈடுசெய்வதில்லை என்பது இவ்வாய்வின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: உயிரிநெகிழி, கட்டாபெர்ச்சா, வல்கனைட்டு, ஆல்ஜினேட், மறுசுழற்சி, மலாயா, மன்னார் வளைகுடா.

முன்னுரை

வாய் என்பது நெகிழிக்குக் கடுமையான இடம். அங்கு ஈரம் நீங்குவதில்லை. சூடான தேநீரும் குளிர்ந்த நீரும் அடுத்தடுத்து வருகின்றன. மெல்லும்போது அழுத்தம் மிகுகிறது. நுண்ணுயிரிகளும் அமிலமும் இடையறாது செயல்படுகின்றன. ஆகவே வாயில் வைக்கப்படும் பொருள் மாறாதிருக்க வேண்டும். மறுசுழற்சியோ பொருள் மாற வேண்டும் என்று கேட்கிறது. உருக்கினால் இளக வேண்டும். வேதிமுறையில் பிரித்தால் தன் மூலக்கூறுகளுக்குத் திரும்ப வேண்டும். உள்ளே மாறாமையும் வெளியே மாறுதலும் ஒரே பொருளிடம் எதிர்பார்க்கப்படுவதே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும்.

இச்சிக்கலைப் பொருளறிவியலார் ஆய்வுக்கூடத்தில் எதிர்கொண்டு வருகின்றனர். ஆயினும் அது ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறந்ததன்று. ஏறத்தாழ 180 ஆண்டுகளாகப் பல் மருத்துவம் ஒரு பொருளை விட்டு மற்றொன்றைப் பற்றிய ஒவ்வொரு முறையும் இச்சிக்கல் ஏதோவொரு வடிவில் எழுந்துள்ளது. அவ்வரலாற்றின் சில பகுதிகள் மலாயாவின் காடுகளோடும் தோட்டங்களோடும், தமிழகத்தின் தென்கடற்கரையோடும் தொடர்புடையவை.

1. கட்டாபெர்ச்சா: மீளும் பொருள், மீளா மரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை பொய்ப்பற்களுக்கான அடித்தட்டுகள் நீர்யானைத் தந்தத்திலோ பொன் முதலிய உலோகங்களிலோ செய்யப்பட்டன. தந்தம் வாயில் அழுகி நாற்றமெடுக்கும். பொன் செல்வர்க்கே எட்டும். வார்த்து வடிவாக்கக்கூடிய மலிவான பொருளொன்றின் தேவை அப்போதே உணரப்பட்டிருந்தது.

தென்கிழக்காசியக் காடுகளில் வளரும் பலாக்கியம் இன மரங்களின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சாவை மலாய் மக்கள் கருவிகளின் கைப்பிடி செய்ய நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். 1843ஆம் ஆண்டில் வில்லியம் மாண்ட்கோமரி, ஜோசே டி அல்மெய்டா ஆகிய இருவரும் தனித்தனியே இதன் மாதிரிகளை இலண்டனின் கவனத்துக்குக் கொண்டுசென்றனர். ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பத்தில் இது மாவுபோல இளகும், குளிர்ந்ததும் இறுகும். மீண்டும் சூடாக்கினால் மீண்டும் இளகும். இன்றைய வழக்கில் சொன்னால், இது வெப்பத்தால் இளகும் ஓர் இயற்கைப் பலபடி. ரப்பரும் இதுவும் ஐசோபிரீன் என்னும் ஒரே அலகால் ஆனவை; அலகுகள் இணையும் கோணம் மட்டும் வேறு. அவ்வொரு வேறுபாட்டால் ரப்பர் துவள்கிறது, கட்டாபெர்ச்சா இறுகி நிற்கிறது.

1840களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஆசா ஹில், கட்டாபெர்ச்சாவுடன் கனிமப் பொடிகளைக் கலந்து பற்குழி அடைக்கும் பொருளொன்றை உருவாக்கினார். 1867இல் ஜி. ஏ. போமன் பல்வேரின் உட்குழாயை நிரப்ப இதனைப் பயன்படுத்தினார். இன்றும் பல்வேர்ச் சிகிச்சையில் வைக்கப்படும் மெல்லிய குச்சிகளில் ஐந்தில் ஒரு பங்களவு கட்டாபெர்ச்சா உள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் இது நிலைத்திருப்பதற்கு அதன் மீள்தன்மையும் ஒரு காரணம். சிகிச்சை தவறினால் வெப்பத்தாலோ கரைப்பானாலோ இளக்கி வெளியே எடுத்துவிடலாம். பொய்ப்பல் அடித்தட்டாக அது நிலைக்காமல் போனதற்கும் அதே மீள்தன்மையே காரணமாயிற்று. சூடான உணவு பட்டால் இளகும் பொருள் மெல்லும் அழுத்தத்தைத் தாங்கி வடிவம் காப்பதில்லை.

இப்பொருளின் வரலாற்றில் இருண்ட பகுதி அது பெறப்பட்ட முறையாகும். பலாக்கிய மரத்தின் பால் கீறினால் எளிதில் வழிவதில்லை, விரைவில் உறைந்துவிடும். எனவே முழு மரத்தையும் வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறிப் பால் எடுத்தனர். பல பத்தாண்டுகள் வளர்ந்த ஒரு மரம் பெரும்பாலும் ஒரு கிலோகிராமுக்கும் குறைவான பிசினையே தந்தது. 1851இல் டோவர், கலே நகரங்களுக்கிடையே கடலடித் தந்திக் கம்பி பதிக்கப்பட்ட பின், கம்பியின் காப்புறையாகக் கட்டாபெர்ச்சாவின் தேவை பன்மடங்கு பெருகியது. 1850களின் இறுதிக்குள் சிங்கப்பூர்த் தீவில் இம்மரங்கள் ஏறத்தாழ அற்றுப்போயின. அழிவு மலாயா, சுமத்திரா, போர்னியோக் காடுகளுக்குப் பரவியது. இதனைச் சூழலியல் பேரழிவு என்றே வரலாற்றறிஞர் ஜான் டல்லி மதிப்பிடுகிறார். பல் மருத்துவம் உட்கொண்ட பங்கு இதில் மிகச் சிறிது. எனினும் அது வாங்கிய பொருள் அதே காட்டிலிருந்து, அதே முறையில் வந்தது. தாவர மூலமும் மீளும் தன்மையும் கொண்ட முதல் பல் மருத்துவ நெகிழி, தன் மரத்தை அழித்தே சந்தைக்கு வந்தது என்பது கருதத்தக்கது.

2. வல்கனைட்டு: மீளும் மரம், மீளாப் பொருள்

சார்லசு குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி வலுவூட்டும் முறையை 1839இல் கண்டறிந்து 1844இல் காப்புரிமை பெற்றார். அவர்தம் தம்பி நெல்சன் குட்இயர், கந்தகத்தின் அளவைப் பெருமளவு கூட்டி, கொம்புபோல் இறுகிய வன்ரப்பரை உருவாக்கி 1851இல் காப்புரிமை பெற்றார். வல்கனைட்டு என வழங்கப்பட்ட இப்பொருள் பொய்ப்பல் மருத்துவத்தை மாற்றியமைத்தது. நோயாளியின் ஈறுக்கு ஏற்ப அச்செடுத்து, அவ்வச்சில் ரப்பரை நிரப்பி நீராவிக் கலத்தில் வேகவைத்தால், வாயில் சரியாகப் பொருந்தும் அடித்தட்டு கிடைத்தது. ஈற்றின் நிறம் தோன்ற அதில் இங்குலிகம் எனப்படும் பாதரசச் சல்பைடு சேர்க்கப்பட்டது. பொன்னடித்தட்டு வாங்க இயலாத நடுத்தர மக்களுக்கும் பொய்ப்பல் எட்டியது இதனால்தான்.

இதன் நிலைப்புக்குக் காரணம் கந்தகத்தின் குறுக்குப்பிணைப்புகள். அவை ரப்பரின் நீண்ட சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவிடுகின்றன. கட்டுண்ட பொருள் தேநீரால் இளகாது. உலையிலிட்டாலும் உருகாமல் கருகும். வாயில் மாறாமை என்னும் தேவையை வல்கனைட்டு நிறைவேற்றியது. அதற்கு விலையாக மீளும் தன்மையை முற்றாக இழந்தது. உடைந்த வல்கனைட்டுத் தட்டைப் புதிய தட்டாக வார்க்க வழியில்லை.

பெறப்பட்ட முறையில் இதன் வரலாறு கட்டாபெர்ச்சாவினின்றும் வேறுபடுகிறது. தொடக்கத்தில் ரப்பர் அமேசான் காடுகளிலிருந்து வந்தது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் எச். என். ரிட்லி, மரத்தின் உயிர்த்திசுவைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் செம்மைப்படுத்தினார். சீவிய பட்டை மீண்டும் வளர்ந்தது. ஒரே மரம் பல்லாண்டு பால் தந்தது. மலாயாத் தமிழர் இதனைப் பால்மரம் என்றே வழங்கினர்.

1910களின் நடுப்பகுதிக்குள் உலகச் சந்தையில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சியது. அக்காலத்தில் வல்கனைட்டு அடித்தட்டே பரவலான வழக்கில் இருந்தது. மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிய தொழிலாளருள் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து கங்காணி முறையில் அழைத்துச் செல்லப்பட்டோர். அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ போன்ற புதினங்கள் அத்தோட்ட வாழ்வை இலக்கியத்தில் பதிவுசெய்துள்ளன. அவர்கள் வெட்டிய பால் எங்கெங்குச் சென்று என்னென்ன பொருளாயிற்று என்னும் வரலாறு போதிய கவனம் பெறவில்லை. பெரும்பங்கு ஊர்திச் சக்கரங்களாயிற்று. ஒரு சிறுபங்கு முகமறியாத மனிதரின் வாயில் ஈறாக அமர்ந்தது. மரம் பிழைத்தது என்பதனால் அவ்வறுவடையைக் குறையற்றதெனக் கொள்ளவியலாது. காடு திருத்தித் தோட்டமாக்கப்பட்டது; உழைத்தோரின் கூலியும் உடல்நலமும் தோட்ட முதலாளியத்தின் கையில் இருந்தன. புதுப்பிக்கத்தக்கது என்னும் சொல் மரத்தை மட்டும் குறிக்குமாயின் அது அரைகுறையான அளவுகோலே.

3. செல்லுலாய்டு: காப்புரிமை திறந்த வழி

புதிய பொருளொன்று தோன்றுவதற்கு அறிவியல் மட்டுமே காரணமாவதில்லை. ஜான் கம்மிங்சு 1864இல் வல்கனைட்டு அடித்தட்டுக்குப் பெற்ற காப்புரிமை குட்இயர் டென்டல் வல்கனைட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேக்கன், உரிமக் கட்டணம் செலுத்தாத பல் மருத்துவர்கள்மீது அமெரிக்கா முழுவதும் வழக்குத் தொடுத்தார். 1879இல் சான்பிரான்சிசுகோவில் அவ்வாறு வழக்குக்குள்ளான பல் மருத்துவர் ஒருவரால் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பல் மருத்துவத்தில் ஒரு பொருளின் உரிமை எத்தகைய சினத்தை வளர்த்திருந்தது என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

இக்கட்டணத்திலிருந்து தப்பும் விருப்பமே செல்லுலாய்டுக்கு முதற்சந்தையை அமைத்தது. ஜான் வெசுலி ஹையட் 1870இல் தொடங்கிய தொழிலகத்தின் பெயரே ஆல்பனி டென்டல் பிளேட் கம்பெனி என்பதாகும். பருத்தியின் செல்லுலோசை நைட்ரிக் அமிலத்தால் மாற்றி, கர்ப்பூரம் சேர்த்து இளக்கினால் செல்லுலாய்டு கிடைத்தது. செல்லுலாய்டு அடித்தட்டு வல்கனைட்டுக் காப்புரிமையை மீறவில்லை என அமெரிக்க உச்சநீதிமன்றம் 1880இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே வல்கனைட்டுக் காப்புரிமை காலாவதியாயிற்று.

செல்லுலாய்டும் தாவர மூலப் பொருளே. வெப்பத்தால் இளகி மீளும் பொருளே. நிறத்தில் ஈற்றை வல்கனைட்டைவிட நன்கு ஒத்திருந்தது. ஆனால் வாயில் கர்ப்பூரச் சுவை கசிந்தது. நாளடைவில் தட்டு கோணியது, நிறம் மங்கியது. கட்டாபெர்ச்சா தோற்ற அதே இடத்தில் இதுவும் தோற்றது. மேலும், அன்றைய கர்ப்பூரம் தைவான், சப்பான் காடுகளின் முதிர்ந்த மரங்களை வெட்டிச் சீவல்களாக்கி ஆவியில் வடித்துப் பெறப்பட்டது. காப்புரிமை காலாவதியானதும் மருத்துவர்கள் பெரும்பாலும் வல்கனைட்டுக்கே திரும்பினர். 1930களின் பிற்பகுதியில் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்னும் பெட்ரோலிய அக்ரிலிக் அறிமுகமாகும்வரை அதுவே நிலைத்தது.

4. அகரும் ஆல்ஜினேட்டும்: கடற்கரையின் பங்கு

அடித்தட்டுக்கு முன்னர் வாயின் வடிவத்தை அச்செடுக்க வேண்டும். இதற்கு 1920களில் அகர் அறிமுகமானது. கடற்பாசியிலிருந்து பெறப்படும் அகர் வெந்நீரில் உருகி, குளிர்ந்தால் கூழாக உறைகிறது; மீண்டும் சூடாக்கினால் மீண்டும் உருகுகிறது. ஒருமுறை பயன்படுத்திய அகரை உருக்கி மறுபடி பயன்படுத்தும் வழக்கமும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அகரின் முதன்மை உற்பத்தி நாடாகிய சப்பானின் ஏற்றுமதி நேசநாடுகளுக்கு நின்றபோது, பழுப்புக் கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஆல்ஜினேட் அவ்விடத்தைப் பிடித்தது. கால்சியம் அயனிகள் ஆல்ஜினேட் சங்கிலிகளைப் பிணைத்துக் கூழாக்குகின்றன. உறைந்த கூழ் வெப்பத்தால் மீண்டும் உருகுவதில்லை. இதற்கு நீர் சூடாக்கும் கலமோ தனிக்கருவியோ வேண்டுவதில்லை; பொடியும் நீரும் ஒரு கிண்ணமும் போதும். எளிமை வென்றது, மீள்தன்மை நழுவியது. ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவருக்குப் பயன்படுத்தலாகாது என்னும் தூய்மை நெறி வலுப்பெற்றபோது, அவ்விழப்பு ஓர் இழப்பாகவே கருதப்படவில்லை.

அகருக்கும் ஆல்ஜினேட்டுக்கும் மூலமாகும் பாசிகள் மன்னார் வளைகுடாவில் இயற்கையாக வளர்பவை. இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், பாம்பன் முதலிய ஊர்களின் மீனவப் பெண்கள் 1960களிலிருந்து அகருக்கான மரிக்கொழுந்துப் பாசியையும் ஆல்ஜினேட்டுக்கான கட்டக்கோரைப் பாசியையும் மூழ்கி எடுத்து ஆலைகளுக்கு விற்று வருகின்றனர். ஆல்ஜினேட்டின் பெரும்பயன் துணி அச்சிடல், உணவு, மருந்து ஆகிய தொழில்களில் உள்ளது. பல் மருத்துவம் அதில் ஒரு சிறு கிளை. 1986இல் 21 தீவுகளைக் கொண்ட பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தீவுகளை ஒட்டிய பாசி அறுவடை தடைக்குள்ளானது. பவளப்பாறையின் காப்பும் பெண்களின் வாழ்வாதாரமும் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. பாசியைச் சுரண்டி எடுக்கும் இரும்புக் கருவியை விலக்குதல், மாதத்தில் சில நாள்கள் மட்டும் கடலுக்குச் செல்லுதல் முதலிய கட்டுப்பாடுகளைப் பாசி எடுக்கும் பெண்களே வகுத்துக்கொண்டனர். மூலவளத்தைப் பேணும் அறிவு ஆய்வுக்கூடத்திலோ சட்ட நூலிலோ மட்டும் இல்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

5. பல் துலக்கி: கலப்பின் சிக்கல்

பொய்ப்பல்லும் அச்சும் மருத்துவர் கையில் இருப்பவை. பல் துலக்கி எல்லார் கையிலும் இருப்பது. 1780ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வில்லியம் ஆடிசு பெருமளவில் செய்யத் தொடங்கிய துலக்கியில் எலும்புக் கைப்பிடியும் பன்றி மயிரும் இருந்தன. 1938இல் அமெரிக்காவில் நைலான் மயிர்த் துலக்கி விற்பனைக்கு வந்தது. நைலான் இழையின் முதல் வணிகப் பயன் காலுறையன்று, பல் துலக்கியே. நைலான் விரைவில் உலர்ந்தது, ஒரே தடிமனில் கிடைத்தது. துலக்கி மலிவாயிற்று, தூய்மையும் கூடியது.

சிக்கல் பிறந்தது கலப்பினால். இன்றைய துலக்கியொன்றில் பாலிப்ரொப்பிலீன் கைப்பிடி, நைலான் மயிர், மெத்தென்ற பிடியுறை, மயிர்க்கற்றையை இறுக்கும் உலோகத் துண்டு ஆகியன ஒட்டிக் கிடக்கின்றன. தனித்தனியே உருக்கத்தக்க நெகிழிகள் கலந்தபின் ஒன்றையும் உருக்கவியலாது. மூங்கில் கைப்பிடியில் நைலான் மயிர் பதித்த துலக்கிகளும் இக்குறையினின்று நீங்கியனவல்ல. மூங்கில் மட்கும், மயிர் எஞ்சும். தமிழகத்தில் நெடுங்காலம் வழங்கிய வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் ஒற்றைப் பொருளால் ஆனவை. பயன்முடிந்து வீசிய இடத்தில் அவை மண்ணாயின. பழமைக்குத் திரும்புதல் இதற்குத் தீர்வெனக் கொள்ள வேண்டியதில்லை. ஒற்றைப் பொருளமைப்பு என்னும் வடிவமைப்புப் பாடத்தை அதிலிருந்து பெறலாம்.

6. இன்றைய முயற்சிகளும் பழைய கேள்விகளும்

அக்ரிலிக் அடித்தட்டு இன்றும் பரவலாக உள்ளது. அதன்பின் புதிய நெகிழிகளும் சேர்ந்தன. பல் வரிசையைச் சீராக்கும் ஒளிபுகு உறைகள் 1990களின் இறுதியில் அறிமுகமாயின. ஒருவருக்கே பல இணைகள் தேவைப்படுகின்றன. ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை ஓர் இணை கழிக்கப்படுகிறது. ஒவ்வோர் உறையையும் வார்க்க ஒளியால் இறுகும் பிசினில் ஒரு மாதிரி அச்சிடப்படுகிறது. அம்மாதிரி வல்கனைட்டைப் போலவே குறுக்குப்பிணைப்புற்றது, உருக்கவியலாதது.

இவற்றுக்கு மாற்றாக முன்வைக்கப்படும் உயிரிநெகிழிகளை மேற்கண்ட வரலாற்றின் ஒளியில் நோக்கலாம். மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றின் சர்க்கரையிலிருந்து பெறப்படும் பாலிலாக்டிக் அமிலம் மாதிரிகளை அச்சிடப் பயன்படுகிறது. இது 55 முதல் 60 பாகை செல்சியசு வெப்பத்தில் இளகத் தொடங்குகிறது. கட்டாபெர்ச்சா அடித்தட்டை வீழ்த்திய எல்லையும் ஏறத்தாழ இதுவே. 121 பாகையில் இயங்கும் நீராவிக் கிருமிநீக்கக் கலத்தை இதன் இயல்பான வடிவம் தாங்காது. மட்கும் என்று கூறப்படினும், அதற்குத் தொழிலக அளவிலான உரமாக்கக் கூடத்தின் வெப்பம் வேண்டும். குப்பைமேட்டில் அது நெடுங்காலம் கிடக்கும். ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறப்படும் நைலான் வகைகள் துலக்கி மயிராகின்றன. உலக ஆமணக்கு உற்பத்தியில் இந்தியாவே முதலிடத்தில் உள்ளது. இந்நைலான் தாவர மூலமுடையது, உறுதியானது, மட்குவதில்லை.

மீளாமையை மீள்தன்மையோடு இணைக்கும் முயற்சிகளே மிகுந்த நம்பிக்கை தருவன. வாயின் வெப்பத்தில் உறுதியாக நின்று, உயர்வெப்பத்தில் தம் பிணைப்புகளை இடம்மாற்றிக்கொள்ளும் வலைப்பின்னல் பலபடிகளை லுட்விக் லைப்லர் குழுவினர் 2011இல் வெளியிட்டனர். லிப்போயிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்டு, ஒளியால் இறுகிப் பின் மீண்டும் தன் மூலப் பிசினாக்கத்தக்க முப்பரிமாண அச்சுப் பிசினைப் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். இவை பல் மருத்துவத்துக்கெனவே உருவானவையல்ல. எனினும் வல்கனைட்டின் உறுதியும் கட்டாபெர்ச்சாவின் மீள்தன்மையும் ஒருங்கே அமையக்கூடும் என்பதற்கு இவை அடையாளங்கள்.

வேதியியல் வென்றபின்னும் ஒன்று எஞ்சும். உமிழ்நீர் பட்ட பொருளைத் திரட்டுவது யார்? இந்தியாவின் 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், மருத்துவமனையின் மாசுற்ற நெகிழிகளைச் சிவப்புப் பையில் சேர்த்து, கிருமிநீக்கியபின் மறுசுழற்சிக்கு அனுப்ப வழிவகுக்கின்றன. வீட்டில் கழிக்கப்படும் துலக்கியும் உறையும் நகராட்சிக் குப்பையில் கலக்கின்றன. அளவில் சிறியவை ஆதலின் பிரிப்பு எந்திரத்தின் சல்லடையில் நழுவுகின்றன. மறுசுழற்சிக்குரியது என்பதற்கும் மறுசுழற்சி செய்யப்படுவது என்பதற்கும் இடையிலான தொலைவு இதுவே.

முடிவுரை

கட்டாபெர்ச்சா மீளும் பொருள். அதன் மரம் மீளவில்லை. ரப்பர் மரம் மீண்டது, வல்கனைட்டு மீளவில்லை. செல்லுலாய்டு தாவர மூலமுடையதாயினும் காட்டையும் காக்கவில்லை, வாயிலும் நிலைக்கவில்லை. அகரினின்று ஆல்ஜினேட்டுக்குச் சென்றபோது எளிமை கூடியது, மீள்தன்மை குறைந்தது. இவற்றுள் ஒன்றேனும் பெட்ரோலியத்திலிருந்து பிறந்ததன்று. ஆகவே உயிரிநெகிழி என்னும் பெயர் தன்னளவில் ஒரு நற்சான்று ஆகாது. எதிலிருந்து வந்தது, எவ்வாறு எவர் உழைப்பால் பெறப்பட்டது, பயன்முடிந்தபின் எங்குச் செல்லும் என்னும் மூன்று கேள்விகளும் ஒவ்வொரு புதிய பொருளிடமும் தனித்தனியே கேட்கப்பட வேண்டும்.

இவற்றுள் இரண்டாம் கேள்வி பொருளறிவியல் ஆய்வுகளில் பெரும்பாலும் விடுபடுவது. மலாயாவில் பால்வெட்டியோரும் மன்னார் வளைகுடாவில் பாசியெடுப்போரும் அக்கேள்விக்குரிய விடையின் பகுதியாவர். தோட்ட ஆவணங்கள், வாய்மொழி வழக்காறுகள், புலம்பெயர் இலக்கியங்கள் ஆகியவற்றினூடே இப்பொருள்களின் வழித்தடத்தைத் தொடர்வது தமிழியல் ஆய்வு மேற்கொள்ளத்தக்க பணியாகும்.